வயர் செருகியிருந்தபோது அடித்த போன்

இதை நான் சொன்னபோது என் அலுவலகத்தில் ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவள். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்துபோய் காபி போட்டுக்கொள்கிற ஆள். ஆனாலும் இது நடந்தது. எனக்கு நடந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மாலை, டொரொன்டோவுக்கு வடமேற்கே, பொழுது சாயும் முன்பே நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

எனக்குப் புயல் துரத்துகிற பைத்தியம். சென்னையில் இருந்தவரை புயல் என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அவ்வளவுதான். இங்கே டொரொன்டோவை ஒட்டிய மிசிசாகாவில் வேலைக்கு வந்த பிறகுதான், இடிமேகத்தைத் தேடி வண்டி எடுத்துக்கொண்டு போகிற ஒரு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு தடவை போனேன். அதோடு தொலைந்தேன். ஆனால் புயலைத் துரத்த ஓடுகிற வண்டிக்குள் இன்டர்நெட் வேண்டும். மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் ரேடார் படத்தில்தான் தெரியும். அது இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற மாதிரி.

அந்த இன்டர்நெட்டுக்குத்தான் இந்த நாட்டில் கொள்ளை விலை. லேப்டாப்பில் செருகுகிற ஸ்டிக் ஒன்று வாங்கினேன். முதல் பில் வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், "நீங்கள் நிறையப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்" என்று என்னிடமே குறை சொன்னான். பயன்படுத்தத்தானே வாங்கினேன்! அதன் பிறகு சின்ன ஊர்களில் நூலக வாசலிலும் காபிக் கடைக்குப் பின்னாலும் மோட்டல் சுவரோரமும் வாடகைக் காரை நிறுத்தி, ஓசி வைஃபை பிடித்துப் படம் பார்த்தேன். படம் வருவதற்குள் புயல் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எத்தனை புயலை இப்படிக் கோட்டைவிட்டேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்போது அறிமுகமானவர்தான் ஜெயரட்ணம் அண்ணன்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. டொரொன்டோவில், டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். பிராம்ப்டனில் ஒரு கிடங்கிலிருந்து பார்சல் எடுத்து வீடு வீடாகக் கொடுக்கும் வேலை. சொந்த வேன். முன்னால் இரண்டே சீட். பின்னால் சாமான் ஏற்றுவதற்கு வெறும் தகரத் தளம். வானிலை ஆர்வலர்களின் கூட்டம் ஒன்றில் சந்தித்தோம். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவரிடம் வண்டி இருந்தது. எனக்கு ரேடார் படிக்கத் தெரியும். எல்லாவற்றையும்விட, அவருடைய பழைய போனில், எப்போதோ ஒரு கிறிஸ்துமஸ் சலுகையில் போட்ட அளவில்லாத டேட்டா இருந்தது. கம்பெனி அந்தச் சலுகையை எப்போதோ நிறுத்திவிட்டது. இவருக்கு மட்டும் நிறுத்த மறந்துவிட்டார்கள். போனை ஒரு வயரால் லேப்டாப்பில் செருகினால் ரேடார் வரும். மெதுவாக வரும். ஆனால் வரும். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு கோளாறு. பழைய போன் அல்லவா, டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் அதில் அழைப்பு வராது. அடிக்கவே அடிக்காது. கூப்பிடுகிறவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல்தான் பதில் சொல்லும்.

ஜெயரட்ணம் அண்ணனோ ஓர் அழைப்புக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தங்கை பாலேஸ்வரி வன்னியில் இருந்தாள். கணவன், மகள் நிலாணி, ஐந்து வயது மகன் மிதுனன். போரின் கடைசி மாதங்களில் இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார்கள். அயலவர் பத்மநாதனிடம் ஒரு சாட்டிலைட் போன் இருந்தது. பேசினால் காசு. அடித்துவிட்டு வைத்தால் காசில்லை. அதனால் அண்ணனும் தங்கையும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒரு மணி. நாலு மணி அடித்து நின்றால் நாலு பேரும் இருக்கிறார்கள். எடுக்கக் கூடாது. எண்ண வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை நாலு மணி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மாத நடுவில் போர் முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். போரை நிறுத்தச் சொல்லி டொரொன்டோவில் நாள்கணக்காக ரோட்டில் நின்ற சனமெல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஒன்றிரண்டாக வந்தன. பாலேஸ்வரியின் பெயர் வரவில்லை.

"அப்புறம் ஏன்ணே புயலுக்கு வர்றீங்க? வீட்ல இருக்கலாம்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருந்தா விசர் பிடிச்சிடும் பிள்ளை. ஓடிக்கொண்டிருந்தாத்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்குது."

அதனால் எங்களுக்குள்ளும் ஓர் ஏற்பாடு. ரேடார் படம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் புதிதாக வரும். அந்த நேரம் மட்டும் வயரைச் செருகுவேன். படம் இறங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் படம் ஒரு நாளும் ஒழுங்காக இறங்கியதில்லை. எனக்கு எரிச்சல் ஏறும். அவருக்குப் பதைப்பு ஏறும். ஒவ்வொரு பயணமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் முடியும்.

அந்தச் சனிக்கிழமை பிராம்ப்டனைத் தாண்டி வடக்கே போனோம். ஷெல்பர்ன் பக்கம் பெரிய மேகம் எழும்பும் என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். பின்னேரம் மேற்கே வானம் கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் ஒரு பச்சை. பாசி படிந்த தொட்டித் தண்ணீரின் பச்சை. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

வயரைச் செருகினேன். படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. ஏரி வந்தது. ஏரிக்கரை வந்தது. நாங்கள் இருக்கிற இடம் வருவதற்குள் நின்றுவிட்டது.

"சனியன்!" என்று லேப்டாப்பைத் தட்டினேன்.

"எடுத்திட்டீங்களோ பிள்ளை?"

"எங்கண்ணே? பாதியில நிக்குது."

"கழட்டிப்போட்டுப் பிறகு செருகுங்கோ."

"கழட்டினா முதல்லேர்ந்து வரும். ஒரே நிமிஷம்ணே."

"அந்த ஒரு நிமிசத்தில அவள் அடிச்சா?"

கழற்றினேன். செருகினேன். மறுபடி பாதி. மூன்றாவது தடவை செருகியபோது அவர் கேட்கவில்லை. மழை பிடித்துவிட்டது. ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மணி ஐந்து இருபது. வயர் செருகியிருந்தது. படம் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் டேட்டா ஓடுவதைக் காட்டும் இரண்டு அம்புக்குறிகளும் மின்னிக்கொண்டிருந்தன. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

அடிக்க முடியாது. அத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்படி அடித்ததில்லை. ஆனால் அடித்தது. ஒன்று. அண்ணன் வேனை ஓரங்கட்டினார். இரண்டு. அவருடைய உதடுகள் அசைந்தன. மூன்று. நாலு.

நின்றது.

"நாலு!" என்றார். "நாலு பிள்ளை! நாலும் இருக்குதுகள்!" ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்றதெல்லாம் அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அழுகை ஓய்ந்ததும் லேப்டாப்பைப் பார்த்தேன். படம் முழுதாக இறங்கியிருந்தது. மணி அடித்த நேரத்தில்கூட டேட்டா நிற்கவில்லை. போனை எடுத்து, வந்த அழைப்புகளைப் பார்த்தேன். அன்றைய தேதியில் ஒன்றுமே இல்லை.

"அண்ணே, இதுல கால் வந்ததாவே காட்டல."

"உங்கட கொம்பியூட்டர் கதையை விடுங்கோ. நீங்களும் எண்ணினீங்கள்தானே?"

எண்ணினேன். நாலு.

"பிறகென்ன? இண்டைக்கு எங்க வேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போறன். சொல்லுங்கோ."

படத்தில் புயல் எங்களுக்கு மேற்கே, நல்ல தூரத்தில் இருந்தது. வடக்கே போகும் ஒரு சரளைக்கல் ரோட்டைக் காட்டினேன். அதில் திரும்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"வான் இழுக்குது பிள்ளை." வேனைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

"ரோடு சகதியா இருக்குண்ணே."

"இல்லை… பாரம் ஏத்தின மாதிரிக் கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு தார்ப்பாயும் ஸ்பேர் டயரும் மட்டும். காலையில் பார்த்தபோது இருந்ததும் அதுவேதான்.

பிறகு முன் கண்ணாடி மூட ஆரம்பித்தது. வெளியே அல்ல. உள்ளே. துடைத்தேன். மறுபடி மூடியது. கையால், துணியால், என் சட்டைக் கையால் துடைத்தேன். இரண்டு பேருடைய மூச்சுக்கு இவ்வளவு ஆவியா என்று எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை. அப்போது வரவில்லை.

வயரைச் செருகினேன். படம் வந்தது. மூலையில் நேரம் 5:20.

பிடுங்கிச் செருகினேன். 5:20.

மறுபடி. 5:20.

வேனின் கடிகாரத்தில் 5:51. நான் அரை மணி நேரம் பழைய படத்தை வைத்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அந்தப் புயல் இப்போது எங்கே?

"நாசமாப் போற நெட்டு!" வயரைப் பிடுங்கிக் காலடியில் எறிந்தேன். போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சேவை இல்லை என்று எழுதியிருந்தது.

மழை நின்றது.

சட்டென்று… குழாயை மூடின மாதிரி.

காற்றும் இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

போன் அடித்தது.

வயர் இல்லை. சிக்னல் இல்லை.

ஒன்று…

இரண்டு…

மூன்று…

நாலு…

நிற்கவில்லை.

ஐந்து…

ஆறு.

நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வேன் சறுக்கிக் குறுக்கே நின்றது.

"ஆறோ?"

"ஆறுண்ணே."

"மற்ற ரெண்டும் ஆர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அது வந்தது. எதிரே மழைத்திரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சாம்பல் நிறச் சுவர் நகர்ந்தது. மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி ஓர் உறுமல். காது அடைத்தது. இடப்பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு கூரை, முழுக் கூரை, எழும்பி ரோட்டுக்கு மேலே போய் வலப்பக்கத்து வயலில் விழுந்து சிதறியது. மின்கம்பம் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்தது. நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால். அந்த மணி அடிக்காமல் இருந்திருந்தால், அவர் பிரேக் போடாமல் இருந்திருந்தால், அந்தக் கம்பம் எங்கள் தலைமேல்.

ஒரு நிமிடம்கூட இருக்காது. போய்விட்டது.

அண்ணன் வேனைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினார். ஹைவேயில் ஏறும்போது, "இப்பவும் இழுக்குது" என்றார்.

ஆனால் மறுநாளே மனிதர் மாறிவிட்டார். அடுக்குமாடியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் நாலு பேரும் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கேக் கொடுத்தார். ஆறு மணியை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. "ஆரோ தாய் தகப்பன் இல்லாத ரெண்டு பிள்ளையளைச் சேர்த்து வைச்சிருப்பாள். அவளின்ர குணம் அது" என்றார். கடைக்குப் போய்ச் சிறுவர் செருப்பு நாலு ஜோடி வாங்கினார். அளவு தெரியாமல், கடைக்காரியிடம் வயதைச் சொல்லி வாங்கினாராம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நானும் போனைப் பற்றிய என் சந்தேகத்தை எடுக்கவில்லை. எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஜூன் நடுவில் பத்மநாதன் முகாமிலிருந்து அழைத்தார்.

நாலு பேரும் இல்லை. ஒரே ஷெல். ஒரே பதுங்குகுழி. போர் முடிவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பு. நாங்கள் அந்தச் சரளைக்கல் ரோட்டில் போன சனிக்கிழமைக்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பு.

"நான் அண்டைக்கே அடிச்சுச் சொன்னனான் அண்ணை" என்றாராம் பத்மநாதன். "ஒரு வெள்ளைக்காரி எடுத்தா. ஏதோ இங்கிலீசில சொன்னா. அவவுக்கே எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வைச்சனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அண்ணன் எனக்குப் போன் செய்து இதை அப்படியே சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாய்ஸ்மெயில், எடுக்காத அழைப்பில் பேசுவதைப் பதிந்து வைக்கிற மெஷின் குரல். நம் ஆட்கள் யார் வாய்ஸ்மெயில் கேட்கிறார்கள்? மிஸ்டு காலைப் பார்ப்போம், திருப்பி அடிப்போம். அவருடைய போனின் மூலையில் ஒரு சின்னக் கடித உறைப் படம் எப்போதும் தெரிந்துகொண்டிருந்தது. அது போனோடு சேர்ந்தது என்று அவர் நினைத்திருந்தார். எத்தனையோ தடவை கையில் எடுத்த நானும் கவனிக்கவில்லை.

பஸ் பிடித்து டோர்செட் பார்க் போனேன். கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வாய்ஸ்மெயிலுக்கு அடித்து, கம்பெனி முதலில் கொடுக்கும் கடவு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். நல்ல வெயில், பின்னேரம் நாலு மணி. பக்கத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மெசேஜ் என்றது வெள்ளைக்காரியின் குரல்.

முதலாவது பத்மநாதன். பின்னால் வெடிச்சத்தம். "ஜெயரட்ணம் அண்ணை… நாலு பேரும்… ஒண்டும் மிஞ்சேல்லை அண்ணை…" அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் வயர் செருகியிருந்தோமா என்று நான் இன்றுவரை கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

இரண்டாவது மெசேஜுக்குத் தேதியும் நேரமும் சொன்னது. அந்தச் சனிக்கிழமை. மாலை 5:51.

முதலில் மழை. தகரத்தின் மேல் மழை. பிறகு லேப்டாப் கீ தட்டுகிற சத்தம். பிறகு…

"நாசமாப் போற நெட்டு!"

என் குரல்.

வேனுக்குள் இருந்து பதிவாகியிருந்தது. முன்னாலிருந்து அல்ல. எங்கள் இருவருக்கும் பின்னாலிருந்து. சீட்டே இல்லாத அந்தத் தகரத் தளத்திலிருந்து.

மழை நின்றது. போன் மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும், ரிசீவருக்கு மிக அருகில், ஒரு சின்னக் குரல்…

"ஒண்டு…"

"ரெண்டு…"

"மூண்டு…"

"மிதுனன்" என்றார் அண்ணன். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நாலு…"

"அஞ்சு…"

"ஆறு."

டயர் சறுக்குகிற சத்தம். "ஆறோ?" என்று அண்ணன். "ஆறுண்ணே" என்று நான். "மற்ற ரெண்டும் ஆர்?" என்று அண்ணன்.

அதற்குப் பிறகு அந்தச் சின்னக் குரல், எங்கள் இருவருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ரகசியமாக…

"அம்மா… மாமாவோட இருக்கிற அக்காவும் எங்களோட வாறாவோ?"

ஒரு பெண் மூச்சை இழுத்தாள். பதில் சொல்லப் போகிறவளைப் போல.

மெசேஜ் அங்கே முடிந்தது.

அழிக்க ஏழு, சேமிக்க ஒன்பது என்றது வெள்ளைக்காரியின் குரல். அண்ணன் ஒன்பதை அழுத்தினார். முகம் நனைந்திருந்தது. ஆனால் பயம் இல்லை. "இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளை, அவள் என்ன சொல்லுறாள் எண்டு கேப்பம்" என்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.